நிலைப்படியைத் தாண்டும் முன்: மறதி நோயுள்ள அப்பா, அம்மா வழிதவறிப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

திருச்சி உறையூரில் எங்கள் தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதன் பக்கத்துச் சந்தில் வாடகைப் பாத்திரம் ஏற்றும் மினி லாரி நிற்கும். அம்மா முதல்முறை காணாமல் போன அன்று, அந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றேமுக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் வெக்காளியம்மன் கோயில், சத்திரம் பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன் என்று ஊரையே சல்லடை போட்டுக்கொண்டிருந்தோம். என் கணவர் அந்தச் சந்து முனையில் நின்று "அத்தே, அத்தே" என்று இரண்டு தடவை சத்தமாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் மேலே போயிருக்கிறார். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் பதில் கொடுக்கவில்லை. வண்டி எடுக்க வந்த டிரைவர்தான் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்தார். வீட்டு வாசலிலிருந்து அந்த இடம் இருநூறு அடிகூட இருக்காது.

வீட்டில் ஒருவருக்கு அல்சைமர் என்றோ டிமென்ஷியா என்றோ டாக்டர் இப்போதுதான் சொல்லியிருக்கிறார், இனி என்ன செய்வது என்று முழிக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்காக எழுதியது. எங்கள் வீட்டில் இன்னும் வெளியே போனதில்லை என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் 10 பேரில் 6 பேர் ஒருமுறையாவது இப்படிக் கிளம்பிவிடுவார்கள் என்பது அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் கணக்கு. முதல் தடவைக்கு முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. எனக்கு இருக்கவில்லை.

எங்கே போகக் கிளம்புகிறார்கள்?

"காரணமே இல்லாம அலையுறாங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போகிறவருக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைதான் முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்து முடிந்துவிட்டது. அம்மா சாயங்காலம் நாலு மணிக்குச் செருப்பைத் தேடுவாள். "புள்ள ஸ்கூல் விட்டு வந்துரும், கேட்டுல நிப்பா" என்பாள். அந்தப் பிள்ளை நான்தான். எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். மில்லில் வேலை பார்த்த பெரியவர் விடியற்காலையில் முதல் ஷிப்டுக்குக் கிளம்புவார். டெல்டாவில் விவசாயம் பார்த்தவர் நடு ராத்திரியில் தண்ணீர் கட்டப் போகணும் என்று மண்வெட்டி தேடுவார்.

அதனால் பூட்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பப் பார்த்தார், என்ன சொன்னார், அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வீட்டில் என்ன நடந்தது. என் நோட்டில் பதினொரு குறிப்பு சேர்ந்தபோது அதில் எட்டு, மூன்றே முக்காலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருந்தன. மீதி மூன்றும் விருந்தாளி வந்த நாள். வீட்டில் கூட்டம் சேர்ந்தால் அம்மாவுக்கு அது வேறு யாருடைய வீடோ ஆகிவிடுகிறது.

நாள் சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் பரவலாகக் காணப்படுவது. நம்மவர்கள் விளக்கு வைக்கிற நேரம் என்று சொல்லும் அந்த அரை இருட்டில் நிழல் நீள்கிறது, முகம் சரியாகத் தெரிவதில்லை, பகல் முழுக்க இருந்த களைப்பும் சேர்ந்துகொள்கிறது. வெளிச்சம் குறையும் முன்பே எல்லா லைட்டையும் போட்டுவிடுங்கள். கரண்டு பில் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

உடம்பையும் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத உபாதைதான் பல சமயம் கால்களை ஓட்டுகிறது. ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வருகிறது, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மூன்று நாளாக வயிறு போகவில்லை. பல்செட் குத்துகிறது. இதையெல்லாம் அவர் "நான் கிளம்பறேன்" என்ற ஒரே வாக்கியத்தில்தான் சொல்வார். நேற்று வரை அமைதியாக இருந்தவர் இரண்டே நாளில் தலைகீழாக மாறினால் நோய் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்து குறைவது, மருந்துக்கடையில் சளிக்கென்று சும்மா கேட்டு வாங்கிய மாத்திரை, இதில் எதுவும் காரணமாக இருக்கலாம். அது டாக்டரிடம் அன்றைக்கே காட்டவேண்டிய விஷயம். அந்த டாக்டரிடம் போய் "தூங்க ஏதாவது குடுங்க" என்று முதல் வாக்கியமாகக் கேட்காமல் இருந்தால் நல்லது. தூக்க மாத்திரை குழப்பத்தையும் கீழே விழுவதையும் கூட்டக்கூடியது.

"வீட்டுக்குப் போகணும்"

சொந்த வீட்டில், முப்பது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டில், சுவரில் தன் கல்யாணப் படம் தொங்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு "என்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். இதற்குப் பதில் சொல்வதில்தான் புதிதாக வரும் எல்லோரும் வழுக்குகிறோம்.

நான் ஆரம்பத்தில் பத்திரத்தையே எடுத்துக் காட்டியிருக்கிறேன். "இங்க பாரும்மா, உன் பேருதான் போட்டிருக்கு." அம்மா வாசித்தாள், தலையாட்டினாள், எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். வாதத்தில் ஜெயித்து ஒரு பயனும் இல்லை. நீங்கள் தடுக்கிறீர்கள் என்பது மட்டும் அவர்கள் மனதில் நின்றுவிடும், ஏன் தடுத்தீர்கள் என்பது நிற்காது.

இப்போது சொல்வது இதுதான்: "சரிம்மா, போலாம். காபி ஆறிடும், குடிச்சிட்டுக் கிளம்பலாம்." காபி வருகிறது. குடிக்கும்போது "உங்க வீட்டுல யாரு காபி போடுவா?" என்று கேட்பேன். லால்குடியில் இருந்த வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பாள். திண்ணை, மாட்டுக்கொட்டகை, அவள் அப்பா வாங்கிவரும் பக்கோடா. பாதி நாள் அதோடு போகும் எண்ணம் அடங்கிவிடும். அடங்காத நாளில் உண்மையிலேயே கிளம்பிவிடுவோம். தெருக்கோடி வரை நடந்து, வேறு வழியாகச் சுற்றித் திரும்பி வந்தால் "வீடு வந்துருச்சு" என்று அவளே சொல்லிவிடுவாள்.

இது பொய் இல்லையா என்று என் அண்ணன் போனில் கேட்டான். இருக்கலாம். நாலு மணிக்கு இங்கே வந்து அவன் உண்மை பேசிப் பார்க்கட்டும்.

நோட்டில் நேரம் தெரிந்துவிட்டால், அந்த நேரம் வரும் முன்பே நீங்கள் முந்திக்கொள்ளலாம். நாங்கள் மூன்றரைக்கே நடக்கக் கூட்டிப் போகிறோம். அரை மணி நேரம். அப்பளம் இடுவது, பூ கட்டுவது, துணி மடிப்பது என்று கை பழகிய வேலை ஏதாவது அந்த நேரத்தில் மடியில் இருக்கட்டும். மடித்த துணியைக் கலைத்து மறுபடி கொடுத்தாலும் அவர்களுக்கு அலுப்பதில்லை.

கதவு

முதலில் கதவைப் பார்க்காதீர்கள், கதவுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். செருப்பு ஸ்டாண்டு, ஆணியில் தொங்கும் மஞ்சப்பை, குடை, சாவிக்கொத்து, கண்ணாடிக் கூடு. இவை ஒவ்வொன்றும் "கிளம்பு" என்று சொல்கிற பொருட்கள். எல்லாவற்றையும் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். அம்மா செருப்பில்லாமல் வெளியே போகமாட்டாள், அந்தக் காலத்துப் பழக்கம். செருப்பைத் தேடும் இரண்டு நிமிஷம்தான் எனக்குக் கிடைக்கும் அவகாசம். உங்கள் அப்பா வெறுங்காலோடு வயலுக்குப் போய்ப் பழகியவர் என்றால் இது பலிக்காது.

வண்டி ஓட்டியவர் என்றால் டிவிஎஸ் 50 சாவியைத்தான் முதலில் ஒளித்துவைக்க வேண்டும். சாவியை ஒளித்தால் சண்டை வரும் என்கிற வீடுகளில் பிளக் வயரைக் கழற்றிவிட்டு "மெக்கானிக் வரணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். முடிந்தால் வண்டியையே வேறு வீட்டில் நிறுத்துங்கள்.

அடுத்தது சத்தம். கதவு திறந்தால் வீட்டில் இருப்பவருக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். பூஜை மணி மாதிரி நாலைந்து சின்ன மணிகளைக் கதவின் மேல் மூலையில் கட்டினாலே போதும். காந்தம் வைத்த கதவு அலாரமும் ஆன்லைனில் குறைந்த விலையில் கிடைக்கிறது. பாட்டரியில் ஓடும், இரண்டு பக்கப் பசையோடு ஒட்டிவிடலாம். வீறிட்டு அலறுகிற வகை வேண்டாம், அந்தச் சத்தத்தில் அவர்களே பயந்து வெளியே ஓடுவார்கள். 'டிங்டாங்' வகை வாங்குங்கள்.

தாழ்ப்பாளைப் பொறுத்தவரை, வழக்கமான உயரத்தில் இருப்பதைத்தான் கை தேடும். நிலையின் உச்சியிலோ முழங்காலுக்குக் கீழேயோ ஒன்று கூடுதலாகப் போட்டால் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. சுவர் நிறத்தில் ஒரு திரைச்சீலையைக் கதவின் மேல் தொங்கவிட்டாலும் கதவு இருப்பதே மறந்துபோகும். கதவு முன்னால் கறுப்பு மிதியடி போட்டால் குழி என்று நினைத்து மிதிக்கமாட்டார்கள் என்றும் ஒரு யோசனை உண்டு. சிலரிடம் பலிக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா அதைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தாள். அன்றே எடுத்துவிட்டேன். இடுப்பெலும்பு முறிவதைவிடத் தெருவில் நிற்பது மேல்.

இன்னொன்று கண்டிப்பாக. அவரை உள்ளே தனியாக விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போகாதீர்கள். பத்து நிமிஷம் பால் வாங்கத்தான் என்றாலும். கேஸ் இருக்கிறது, தீ இருக்கிறது, பூட்டிய கதவைப் பார்த்துப் பதறிப் பால்கனி ஏறுபவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கும்போதும் பூட்டின் சாவி உங்கள் இடுப்பிலோ கழுத்திலோ இருக்கட்டும்.

வாசல் கதவு ஒன்று மட்டும்தானா என்றும் பாருங்கள். கொல்லைப்புறக் கதவு, மொட்டை மாடிப் படி, சம்ப் மூடி, பழைய கிணறு. ராத்திரியில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையை ஒட்டிச் சின்ன லைட் போட்டு, பாத்ரூம் கதவைத் திறந்தே வையுங்கள். ஒன்றுக்குப் போக எழுந்தவர் தவறான கதவைத் திறந்து தெருவுக்கு வந்துவிடுவது அடிக்கடி நடக்கிற கதை.

உடம்போடு இருக்கவேண்டிய அடையாளம்

கையில் காசு கொடுக்காவிட்டால் எவ்வளவு தூரம் போய்விடுவார்கள் என்று நாங்களும் நினைத்தோம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். எத்தனையோ பெண்களுக்கு அது பெரிய உதவி, எனக்கும்தான். ஆனால் அம்மா பஸ்ஸில் ஏறினால் காசு இல்லை என்று யாரும் இறக்கிவிடப்போவதில்லை. கால்நடையாக ஒரு கிலோமீட்டர் போகக்கூடியவர் உட்கார்ந்தபடியே இருபது கிலோமீட்டர் போய்விடலாம்.

அதனால் பெயரும் போன் நம்பரும் அவரோடு போகவேண்டும். சட்டைப்பையில் வைக்கும் அட்டை நாலு நாளில் துவைக்கப் போய்விடும். கழுத்தில் மாட்டும் அட்டையை அம்மா கழற்றி எறிந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் இருப்பது மாதிரி இருக்கிறதாம். கடைசியில் பலித்தது எவர்சில்வர் காப்பு. பாத்திரக்கடையில் குடத்திலும் தூக்குச்சட்டியிலும் பெயர் வெட்டுவார்கள் இல்லையா, அதே மெஷினில் காப்பின் வெளிப்பக்கம் வெட்டித் தரச் சொன்னேன். "ஞாபகமறதி" என்று ஒரு வார்த்தை, அதன்கீழ் இரண்டு போன் நம்பர். கடைக்காரர் முதலில் புரியாமல் பார்த்தார். சொன்னதும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வெட்டித் தந்தார், காசு வாங்கிக்கொள்ளவில்லை. வளையலோடு வளையலாகக் கிடக்கிறது, அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆண்களுக்குக் கறுப்புக் கயிற்றில் டாலர், அரைஞாண் கயிற்றில் ஒரு தகடு என்று செய்யலாம்.

வீட்டு விலாசத்தை அதில் போடாதீர்கள், போன் நம்பர் போதும். ஒன்று உங்களுடையது, இன்னொன்று எப்போதும் எடுக்கக்கூடிய வேறு ஒருவருடையது. கூடவே ஜாக்கெட்டிலும் பாவாடையிலும் உட்பக்கம் ஒரு துணிப்பட்டை தைத்து, அழியாத மையில் எழுதிவையுங்கள். ரயில் ஏறிவிட்டால் விடியும்போது வேறு மாநிலம் என்பதால் துணிப்பட்டையில் தமிழோடு ஆங்கிலமும் இந்தியும் இருப்பது நல்லது.

தங்கச் சங்கிலியையும் தோட்டையும் கவரிங்குக்கு மாற்றுங்கள். இதைச் சொல்லும்போது மனசு சங்கடப்படும். ஆனால் தனியாக, தடுமாறிக்கொண்டு நடக்கும் ஒரு பாட்டியின் கழுத்தில் மூன்று பவுன் கிடப்பது அவருக்கே ஆபத்து.

ஆதாரில் உங்கள் போன் நம்பரைச் சேர்த்துவிடுங்கள். வயதானவர்களுக்குக் கைரேகை தேய்ந்திருந்தாலும் கருவிழிப் பதிவு இருக்கும். காப்பகத்தில் இருந்தவருக்குப் புதிதாக ஆதார் எடுக்கப் போய், ஏற்கெனவே ஒன்று இருப்பது தெரிந்து, அதை வைத்தே குடும்பத்தைக் கண்டுபிடித்த சம்பவங்கள் நாட்டில் பல நடந்திருக்கின்றன.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இதில்தான் முதலில் காசைக் கொட்டுகிறார்கள். சிம் போட்ட ஜிபிஎஸ் வாட்ச் நன்றாக வேலை செய்யும், ஆனால் சார்ஜ் போட அடிக்கடி கழற்றவேண்டும், போட்டுக்கொள்ள அவர் சம்மதிக்கவும் வேண்டும். தொலைந்த பொருளைத் தேட உதவும் ஏர்டேக் மாதிரியான வில்லைகளுக்கு ஒரு வருஷம்போல பாட்டரி வரும். ஆனால் அதற்கென்று சொந்தமாக ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் யாராவது ஐபோனோடு போனால்தான் இடம் தெரியும். சென்னை நகருக்குச் சரி, முசிறிப் பக்கத்து வாய்க்கால் கரைக்குச் சரிவராது. அதோடு, அதை இணைத்துவைத்திருக்கும் போனை விட்டு நெடுநேரம் பிரிந்தால் அது தானாகச் சத்தம் போடும். சாதாரணக் கைபேசியை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். அது மேஜையில் கிடக்கும், ஆள் இருக்கமாட்டார்.

தெருவுக்குச் சொல்லுங்கள்

எனக்கு ரொம்ப நாள் எடுத்தது இதற்குத்தான். "அம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாம்" என்று பேசுவார்களே என்ற கூச்சம். மினி லாரி நாளுக்கு அப்புறம்தான் வாய் திறந்தேன். ஜப்பானில் 2023-ல் மட்டும் மறதி நோயால் காணாமல் போனதாகப் போலீசில் பதிவானவர்கள் 19 ஆயிரத்துக்கும் மேல். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023-ல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. நோயின் பெயரையெல்லாம் விளக்கவேண்டாம். ஒவ்வொருவரிடமும் அம்மாவையும் கூட்டிக்கொண்டுபோய், போட்டோவைக் காட்டி, நான் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, அம்மாவுக்கு ஞாபகமறதி. தனியா பாத்தீங்கன்னா தடுக்காதீங்க, கையப் பிடிச்சு இழுக்காதீங்க. 'வாங்கம்மா, உக்காருங்க, தண்ணி குடிங்க'ன்னு சொல்லி எனக்கு ஒரு போன் போடுங்க." தடுக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். இழுத்தால் பயந்து ஓடுவார்கள், அல்லது அடித்துவிடுவார்கள்.

யாரிடமெல்லாம் என்றால், தெருவில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களிடம். அபார்ட்மெண்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் பக்கத்துவீட்டுக்காரரைவிட பஸ் ஸ்டாப் டீக்கடை மாஸ்டர், இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் கடை, கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர், இவர்களுடைய கண்தான் உங்களுக்கு வேண்டும். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் இதுவரை மூன்று தடவை அம்மாவைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்திருக்கிறார். எந்தக் கருவியும் எனக்கு இவ்வளவு உழைத்ததில்லை.

பகுதி காவல் நிலையத்திலும் ஒருநாள், ஒன்றும் நடக்காத நாளில், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இங்கிலாந்தில் இதையே ஒரு ஏற்பாடாக வைத்திருக்கிறார்கள். காணாமல் போகும் முன்பே குடும்பம் ஒரு படிவத்தில் எல்லா விவரமும் எழுதித் தயாராக வைத்திருக்கும், தேவைப்படும்போது போலீஸ் கையில் கொடுத்துவிடும். மறதி நோய் இருந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற முன்னாள் ராணுவ வீரரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நமக்குப் படிவம் தேவையில்லை, ஒரு கவர் போதும். உள்ளே சமீபத்துப் போட்டோ, முகம் தனியாக ஒன்று, முழு உருவம் ஒன்று. உயரம், மச்சம், தழும்பு. என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார் (அம்மா தன் சின்ன வயசுச் செல்லப் பெயருக்குத்தான் திரும்புகிறாள்). என்னென்ன மாத்திரை. பிறந்த வீடு, பழைய வாடகை வீடுகள், வேலை பார்த்த இடம், வழக்கமாகப் போகும் கோயில், இவற்றின் விலாசம். டாக்டர் எழுதிய சீட்டின் நகல். இதையே போனிலும் போட்டோவாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தினம் காலையில் உடை மாற்றியதும் ஒரு போட்டோ. பதற்றத்தில் "என்ன புடவை கட்டியிருந்தாங்க?" என்று கேட்டால் ஒருவருக்கும் நினைவு வராது. நானும் என் கணவரும் வேறு வேறு கலர் சொன்னோம்.

ஆள் இல்லை என்று தெரிந்ததும்

மணியைப் பாருங்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதை உடனே எழுதிவிடுங்கள்.

வீட்டுக்குள் ஐந்து நிமிஷம் ஒழுங்காகத் தேடுங்கள். பாத்ரூம், கட்டிலுக்கு அந்தப் பக்கம், மாடிப்படிக்கு அடியில், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, வாசலில் நிற்கும் காரின் பின்சீட்டு. ஒருவர் போனோடு வீட்டிலேயே இருக்கவேண்டும், அவராகவே திரும்பி வரலாம். மற்றவர்கள் வெளியே.

முதலில் தண்ணீர் உள்ள பக்கம் ஓடுங்கள். எங்களுக்கு அது உய்யக்கொண்டான் வாய்க்கால். உங்களுக்கு ஏரியோ, கம்மாயோ, குளமோ, மூடாத சாக்கடையோ. அடுத்து ரயில் தண்டவாளம், மெயின் ரோடு. அதன்பிறகு வீட்டைச் சுற்றி நெருக்கமாக. மறதி நோயாளிகளைத் தேடிப் பழகியவர்கள் சொல்வது, இவர்கள் வழி முட்டும்வரை நேராகப் போய், முட்டிய இடத்தில் அப்படியே நின்றுவிடுவார்கள், திரும்பி வரத் தோன்றாது, கூப்பிட்டால் குரல் கொடுக்கமாட்டார்கள். அதனால் பெயரைக் கூவிக்கொண்டே வண்டியில் பறப்பது தேடுவதாகாது. இறங்கி நடந்து, புதருக்குப் பின்னால், நிறுத்திய வண்டிகளுக்கு நடுவில், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள், பூட்டிய கடையின் படிக்கட்டில் கண்ணால் பார்க்கவேண்டும்.

கால் மணி நேரத்தில் கிடைக்கவில்லை என்றால் 112 அல்லது 100. "மறதி நோய் உள்ளவர்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு போன பெரியவர் என்று நினைத்துவிடுவார்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்பது வதந்தி, அப்படி ஒரு சட்டம் கிடையாது. என் சித்தப்பா விஷயத்தில் ஒரு காவல் நிலையத்தில் "பக்கத்துலதான் இருப்பாரு, காலைல வாங்க" என்று அனுப்பப் பார்த்தார்கள். டாக்டர் சீட்டைக் காட்டியதும்தான் மேஜையிலிருந்து நிமிர்ந்தார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். கடைகளின் சிசிடிவி பார்க்கும்போது, அந்த மானிட்டரில் ஓடும் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று முதலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாதிக் கடைகளில் பத்து, இருபது நிமிஷம் முன்னே பின்னே ஓடும்.

பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் போட்டோ கொடுங்கள். திருச்சியில் என்றால் சத்திரம், மத்திய பஸ் ஸ்டாண்டு, பஞ்சப்பூர் மூன்றிலும். ரயிலுக்கு 139. வாட்ஸ்ஆப்பில் போடுவதாக இருந்தால் ஒரே செய்தி, ஒரே நம்பர், போட்டோ, உடை, கடைசியாகப் பார்த்த இடம், நாள், மணி. நாள் போடாத செய்தி இரண்டு வருஷம் கழித்தும் சுற்றும். கிடைத்ததும் "கிடைத்துவிட்டார்" என்று அதே இடங்களில் போட்டுப் பழையதை நீக்குங்கள். இரவாகிவிட்டால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலும் கேளுங்கள். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. ஊர் பேர் தெரியாத பெரியவர் ஒருவரை நீங்கள் தெருவில் பார்த்தால் சொல்லவும் அதே எண்தான்.

திரும்பி வந்ததும்

"எங்க போனே? எங்களைச் சாகடிக்கறியே" என்று நாக்கு நுனி வரை வரும். அவருக்குப் போனதே நினைவிருக்காது, கத்துவது மட்டும்தான் தெரியும். தண்ணீர் கொடுங்கள். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கொப்புளம், கண்ணாடித் துண்டு. தலையில் அடிபட்டிருக்கிறதா, உடம்பு கொதிக்கிறதா. சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரை அளவு. வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

அம்மா இரண்டாவது முறை போனது லால்குடி பஸ்ஸில். டோல்கேட் தாண்டியதும் கண்டக்டர் "எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்டிருக்கிறார். "எங்க அப்பா வந்து நிப்பாரு" என்றாளாம். எழுபத்தாறு வயசுப் பெண்மணியின் அப்பா என்றதும் அவருக்கு ஏதோ தட்டியிருக்கிறது. கம்பியைப் பிடித்திருந்த கையில் காப்பைப் பார்த்து, நம்பரைப் படித்து போன் செய்தார். நாங்கள் போய்ச் சேரும்வரை லால்குடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இலவச டிக்கெட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவளைத் தூங்கவைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். "4.05. பார்சல்காரர் வந்தார். கையெழுத்துப் போட்டேன். சாவி கதவிலேயே இருந்தது." மறுநாள் சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டேன்.